பல் வைத்தியரின் மனச்சுமை



பல்வலி வந்தவர் படும் பாட்டை வீடே அறியும். அந்த வலியைத் தீர்ப்பதற்காக நாள் முழுதும் குனிந்திருக்கும் வைத்தியரின் மனம் எந்நிலையில் இருக்கிறதென்று விசாரிப்பார் அரிது.

குன்னூரிலோ கோத்தகிரியிலோ கடைத்தெரு மாடியில் தனியே கிளினிக் நடத்தும் பல் டாக்டர் ஒருவரை நினைத்துப் பாருங்கள். சிறு கண்ணாடியில் இடம் வலமாகத் தெரியும் கடைவாய்ப் பல்லின் மீது பார்வையை நிறுத்தி, கழுத்தைச் சாய்த்தபடியே, கை நடுங்காமல் அவர் வேலை செய்யவேண்டும். நாற்காலியில் சாய்ந்திருப்பவரோ டிரில்லின் ஓசை கேட்ட மாத்திரத்தில் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு விறைத்துப்போகிறார். அவருடைய பயத்தைத் தணிப்பதும் வைத்தியரின் பொறுப்பே. ஒருவர் எழுந்து போனதும், அதே பயத்தோடு அடுத்தவர் வந்து அமர்கிறார்.

மலைக்கே உரிய வேதனை ஒன்றும் உண்டு. கொழுந்து பறிக்கும் பெண்ணின் பல்லை வேர் சிகிச்சையால் காப்பாற்றிவிடலாமென்று டாக்டருக்குத் தெரியும். ஆனால் அதற்கு இரண்டு மூன்று முறை வரவேண்டும். வந்தால் அன்றைய கூலி போயிற்று. மழைக்காலத்தில் மண் சரிந்தால் பஸ்ஸும் இல்லை. "புடுங்கிப் போட்டுடுங்க டாக்டரய்யா" என்கிறாள் அவள். காக்கக் கற்ற கையே பிடுங்க நேர்கிறது. இந்த மனக்கசப்பு நாளுக்கு நாள் சேர்வதை நான் அற்ப விஷயமாகக் கருதவில்லை.

பல் வைத்தியர்களே பிறரைக் காட்டிலும் அதிகமாகத் தம் உயிரை மாய்த்துக்கொள்கிறார்கள் என்றொரு பேச்சு உலகெங்கும் உலவுகிறது. ஆராய்ச்சிகள் அதை ஒருமுகமாக ஊர்ஜிதம் செய்யவில்லை. ஆதலால் அந்தப் பீதியைப் பரப்புதல் தகாது. மனச்சோர்வு என்ற வியாதி மட்டும் மெய். பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல ஸ்தாபனம் 2015-16இல் நடத்திய தேசிய ஆய்வின்படி, இந்நாட்டில் வயதுவந்தோர் இருபது பேரில் ஒருவர் வாழ்நாளில் அதற்கு ஆளாகிறார். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் சிகிச்சையே பெறுவதில்லை. வைத்தியரும் மனிதரே, அவருக்கு மட்டும் விதிவிலக்கு ஏது?

ஊட்டியில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. ஆனாலும், எல்லோரும் எல்லோரையும் அறிந்த சிறு ஊரில், தம் நோயாளிகள் காத்திருக்கும் அதே வரிசையில் மனநல மருத்துவரைக் காண உட்காருவதற்கு டாக்டரின் கௌரவம் இடங்கொடுப்பதில்லை. தூக்கமின்மையையும் எரிச்சலையும் வெறும் களைப்பென்று சொல்லிக்கொண்டே மாதங்களைக் கடத்திவிடுகிறார்.

அத்தகையோருக்காகவே சொல்கிறேன்: 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் என்ற மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும், கட்டணமின்றி, தமிழிலேயே அழைக்கலாம். கேட்டுக்கொண்டிருக்கும் டாக்டர்களே, இரண்டு வாரமாக மனம் எதிலும் பற்றாமல் இருக்குமானால், தயங்காமல் இன்றிரவே அந்த எண்ணை அழையுங்கள்.