இளங்காளை மயங்கி விழுந்தது ஏன்?

(விருத்தாசலம் வட்டார உழவர்களிடையே ஆற்றிய உரை)



நிலக்கடலைச் செடி வாடி நின்றால் உடனே மருந்தைத் தூக்குகிறோமா? தண்ணீர் போதவில்லையா, வேர் அழுகியதா, புழு கடித்ததா என்று பிடுங்கிப் பார்க்கின்றோம். திடகாத்திரமான பையன் ஒருவன் சாய்ந்துவிட்டால் மட்டும் "காற்று பட்டிருக்கும்", "வலிப்பு" என்று முடிவு கட்டி, கையில் இரும்புச் சாவியைத் திணித்துவிடுகிறோம்.

நம் ஊரில் பல வீடுகளில் ஒரு பிள்ளை கொல்லையில், மறு பிள்ளை பீங்கான் தொழிற்பேட்டையில். இரண்டு இடத்திலும் வெக்கைதான்.

இளவயதினர் விழுவது பெரும்பாலும் சாதாரண மயக்கத்தால்தான். நெடுநேரம் நின்றாலும், ரத்தத்தைக் கண்டாலும் சிலருக்கு நாடி தளர்ந்து, ரத்தக் குழாய்கள் விரிந்து, ரத்தம் கால்களில் தங்கிவிடும். மூளைக்குச் சில விநாடிகள் ரத்தம் போதாது. கண் இருட்டும், முகம் வெளிறும், குளிர்ந்து வியர்க்கும். படுத்ததும் ஓரிரு நிமிடங்களில் தெளியும். இடையே கைகால் சற்று வெட்டினாலும் அது வலிப்பென்று ஆகிவிடாது. நாக்கு கடிபட்டு, எழுந்த பிறகும் வெகுநேரம் ஆள் தெரியாமல் விழித்தால்தான் வலிப்பென்று சந்தேகிக்க வேண்டும்.

ஆகவே விழுந்தவனைத் தூக்கி நிறுத்தாதீர்கள். மல்லாக்கக் கிடத்திக் காலை உயர்த்துங்கள். தெளியுமுன் வாயில் சோடா ஊற்றினால் மூச்சுக்குழலில் இறங்கிவிடும். தெளிந்தபின் விசாரியுங்கள். காலையில் சாப்பிட்டானா? (பழைய சோறுகூட இல்லாமல் வேலைக்கு ஓடும் பிள்ளைகள்தாம் அதிகம்.) தண்ணீர் குடித்தானா? எங்கே நின்றான்?

வெயிலில் நின்றவன் உடல் கொதித்து, பேச்சுக் குழறினால் அது வெப்ப அதிர்ச்சி. நிழலுக்குக் கொண்டுபோய், மேலெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். 2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் விமான சாகசம் பார்க்கக் கூடிய கூட்டத்தில் பலர் மயங்கினர். ஐந்து பேர் மாண்டனர். அதே மாதம் வெப்ப அலையைத் தமிழக அரசு மாநிலப் பேரிடராக அறிவித்தது.

முந்திரிக்கு மருந்தடித்தவன் விழுந்தால் விஷயமே வேறு. அண்ணாந்து அடிக்கையில் மருந்து நம் மேலேயே இறங்குகிறதல்லவா? கண்மணி குண்டூசி முனையாகச் சுருங்கி, எச்சில் ஒழுகி, சதை துடித்தால் அது நஞ்சு. சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, மருந்து டப்பாவின் சீட்டுடன் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

சூளையருகே காற்றோட்டமில்லாத இடத்தில் தலைவலித்து விழுந்தால் கார்பன் மோனாக்சைடு வாயுவாக இருக்கலாம். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. முதலில் அவனை வெளிக்காற்றுக்குக் கொண்டுவர வேண்டும்.

ஒன்றை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். ஓடும்போதோ மூட்டை தூக்கும்போதோ எந்த அறிகுறியுமின்றி விழுந்தாலும், குடும்பத்தில் யாரேனும் இளவயதில் திடீரென இறந்திருந்தாலும், "எழுந்து நடக்கிறானே" என்று விடாமல் அன்றே ஈ.சி.ஜி. எடுத்துவிட வேண்டும். டாக்டரிடம் போகும்போது, விழுந்ததைக் கண்ணால் பார்த்தவரையும் அழைத்துச் செல்லுங்கள். விழுந்தவனுக்கு அந்த நிமிடம் நினைவிராது.