சீட்டுக்கு அடியில் இன்ஜின்



எங்கள் வீட்டு வாசலில் ஒரு வெள்ளை ஆம்னி நிற்கிறது. 2004-ஆம் வருஷத்து வண்டி. 2016 தொடக்கத்தில் 75,000 ரூபாய்க்கு வாங்கினேன். வாங்கிய அன்றைக்கே ஒரு நோட்டைப் போட்டு, வண்டிக்காகக் கையைவிட்டுப் போகிற ஒவ்வொரு ரூபாயையும் எழுதி வருகிறேன். அந்த நோட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் இப்போது பேசுகிறேன்.

ஆம்னியைத் தெரியாதவர் நம் ஊரில் இருக்க முடியாது. 1984-ல் வெறும் மாருதி வேன் என்று வந்து, 1988-ல் ஆம்னி என்று பேர் மாறி, 2019-ல் தயாரிப்பு நின்றது. சினிமாவில் யாரையாவது கடத்த வேண்டும் என்றால் உடனே இந்தத் தள்ளுகதவுதான் திறக்கும். நிஜத்தில் அது ஏற்றியதெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள், சமையல்காரரின் அண்டா, பூக்கூடை, அவசரத்துக்கு நோயாளி.

பழைய வண்டி என்றால் முதலில் கேட்கிற கேள்வி, "நம்பிப் போகலாமா?" என்பது. ஆம்னியும் நடுவழியில் நிற்கும். ஆனால் அதில் இருப்பது மாருதி 800 காரில் இருந்த அதே 796 சி.சி., மூன்று சிலிண்டர் இன்ஜின். முப்பத்தைந்து வருஷம் ஓடிய வண்டி என்பதால், சின்ன ஊர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் கிளட்ச் பிளேட் கிடைக்கும். அதை மாட்டத் தெரிந்த மெக்கானிக்கும் அந்தத் தெருவிலேயே இருப்பார். அபூர்வமான வெளிநாட்டு வேனை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிவிட்டு, ஒரு சென்சாருக்காக மூன்று வாரம் காத்திருந்தவரை எனக்குத் தெரியும்.

இனி நோட்டுக்கு வருகிறேன். முதல் வருஷம் மட்டும் 31,400 ரூபாய். நான்கு டயர், பேட்டரி, கிளட்ச், பின்பக்கப் பட்டைக்குப் புஷ். விற்றவர் இதையெல்லாம் செய்யாமல் தள்ளிப்போட்டுத்தானே விற்றார்! பழைய வண்டி வாங்குகிறவர்கள் விலையோடு இந்த முதல் வருஷத்தையும் சேர்த்தே கையில் வைத்திருக்க வேண்டும்.

அடுத்த பக்கத்தில் ஒரு வரி: "தண்ணி ஹோஸ், 180." அதை எழுதி, அடித்திருக்கிறேன். ரேடியேட்டருக்குப் போகிற ரப்பர் குழாயில் வெடிப்பு இருக்கிறது என்று மெக்கானிக் காட்டினார். "இப்பவே மாத்திடுங்க சார்." அடுத்த வாரம் என்றேன். அந்த வாரம் நத்தம் சாலையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். ஆம்னியில் இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. எப்போதும் கொஞ்சம் சூடு தெரியும், அதனால் பொருட்படுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் உட்கார முடியாத சூடு. டேஷ்போர்டில் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. ஓரங்கட்டி சீட்டைத் தூக்கினால் ஒரே ஆவி. குழாய் வெடித்து, தண்ணீர் முழுக்கப் போய், ஹெட் வளைந்து, கேஸ்கட் போயிருந்தது. நோட்டில் அடித்த வரிக்குக் கீழே இருக்கிறது: "ஹெட் வேலை, 9,600." பட்டுப்புடவையோடு என் மனைவி பஸ்ஸில் போய் இறங்கியதற்கு நோட்டில் இடம் இல்லை.

பிறகுதான் தெரிந்தது, முந்தைய ஓனர் ரேடியேட்டரில் போர் தண்ணீரையே ஊற்றி வந்திருக்கிறார். டீக்கெட்டிலில் படிவது போல் உள்ளே உப்பு படிந்திருந்தது. கூலன்ட் ஊற்றுங்கள், நேயர்களே. ஒரு டப்பா சில நூறு ரூபாய்தான்.

காகிதச் செலவும் உண்டு. சொந்த உபயோக வண்டிக்கு ஆர்.சி. பதினைந்து வருஷம். அதன்பிறகு எஃப்.சி. காட்டி ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். 2019-ல் நான் போனபோது புதுப்பிக்கிற கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரலில் மத்திய அரசு அதை 5,000 ஆக்கியது, 2024-ல் அதைக் கட்டினேன். 2025-ல் மறுபடி ஏற்றி, இருபது வருஷம் தாண்டிய கார், வேன்களுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ், 1,000 சி.சி.க்கு உட்பட்ட வண்டிக்கு வருஷம் 2,094 ரூபாய் என்று 2022-ல் வைத்தார்கள், ஜி.எஸ்.டி. தனி.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பேர் மாற்றாமல் சாவியைக் கொடுக்காதீர்கள். பதிவேட்டில் யார் பேர் இருக்கிறதோ அவரே விபத்துக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வாங்குபவர்கள் கேஸ் கிட் இருந்தால் அது ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா பாருங்கள். வீட்டு சிலிண்டரை மாட்டி ஓட்டிய வண்டி என்றால் தொடவே வேண்டாம்.

ஒன்பது வருஷக் கணக்கைக் கூட்டினேன். பெட்ரோல் நீங்கலாக 1,90,000. வாங்கிய விலையையும் சேர்த்து 108 மாதத்துக்கு வகுத்தால், மாதம் 2,450 ரூபாய் சொச்சம். இன்று ஐந்து லட்சம் கடனில் புது வேன் எடுத்தால் தவணையே பத்தாயிரம் தாண்டும். கணக்கில் பழையதுதான் ஜெயிக்கிறது. ஆனால் தவணைக்குத் தேதி உண்டு, இதற்கு இல்லை. ஒரு மாதம் பூஜ்யம், அடுத்த மாதம் 9,600. மாதச் சம்பளத்தில் மிச்சம் வைக்க முடிந்தவருக்கு இது சரிப்படும். தினம் வண்டி ஓடினால்தான் சாப்பாடு என்பவருக்கு, வண்டி நின்ற நாள் செலவோடு சேர்ந்து வருமானமும் போகிறது. அவருக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. ஏர்பேக் கிடையாது, முன்னால் மூக்கும் கிடையாது. மோதினால் முதலில் வாங்குவது நம் முழங்கால். நால்வழிச் சாலைக்கு இருட்டிய பிறகு நான் இதை எடுப்பதில்லை.

போன மாதம் மெக்கானிக்கிடம் கேட்டேன், "2029-ல பத்தாயிரம் கட்டணும். அதுவரைக்கும் ஓடுமாண்ணே?"

"இன்ஜின் ஓடும் சார்" என்றார். பின்சீட்டு மேட்டைத் தூக்கி, ஸ்க்ரூடிரைவரால் தரைத் தகட்டை மெதுவாக ஒரு குத்துக் குத்தினார். பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. ஓட்டை வழியே பட்டறையின் சிமெண்டுத் தரையும் அதில் கிடந்த ஒரு பீடித்துண்டும் தெரிந்தன.

டிங்கரிங் வேலைக்கு 14,000 கேட்கிறார். நோட்டில் இன்னும் எழுதவில்லை.