உடன்பிறந்தவளின் பங்கு எங்கே?

(ஒத்தக்கடை பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

  

பெண் ஏன் ஆணுக்குக் கீழே வைக்கப்பட்டாள் என்று கேட்டால், "அது இயற்கை, ஆதிகாலம் தொட்டே அப்படித்தான்" என்று பலர் சட்டென்று பதில் சொல்லிவிடுகிறார்கள். ஆதிகாலம் உண்மையில் எப்படி இருந்தது? பழைய கல்வெட்டுகளையும் மண் பலகைகளையும் கேட்டுப் பார்ப்போம். வெகுதூரம் போக வேண்டாம். நம் யானைமலைக்கு வடக்கே இருக்கும் அழகர்மலையிலிருந்தே தொடங்குவோம்.

கொழு வணிகன் சொல்லும் சேதி

அழகர்மலைக் குகையில் சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய தமிழ்ப் பிராமி எழுத்துக்கள் இருக்கின்றன. சமணத் துறவிகளுக்குக் கொடை கொடுத்தவர்களின் பெயர்கள் அவை. உப்பு வணிகன், அறுவை என்னும் துணி வணிகன், கொழு வணிகன் என்று அவர்களின் தொழிலும் அங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது. உங்களுக்கு முன்னால் இந்த வட்டாரத்தில் கடை விரித்தவர்கள்!

கொழு என்றால் ஏரின் நுனியில் மாட்டும் இரும்பு. அந்தக் கொழுவுக்கும் பெண்ணின் நிலைமைக்கும் தொடர்பு உண்டு என்கிறார்கள் ஆய்வாளர்கள். டென்மார்க்கைச் சேர்ந்த எஸ்டர் போஸெரப் என்ற பெண்மணி 1970-ல் எழுதிய நூலில் இதை விளக்கினார். கையால் மண்ணைக் கொத்திப் பயிர் செய்த ஆப்பிரிக்கப் பகுதிகள் பலவற்றில் விவசாயத்தின் பெரும்பகுதியைப் பெண்களே பார்த்தார்கள். மாடு பூட்டி ஏர் உழும் இடங்களிலோ வயல் ஆணின் கைக்குப் போயிற்று. பெண்ணின் உழைப்பு வீட்டுக்குள் ஒதுங்கியது.

ஏர் மட்டுமே காரணம் அல்ல. போரில் பிடிபட்ட பெண்களை அடிமைகளாக்கிய பழக்கத்தில்தான் ஆதிக்கத்தின் வேர் இருக்கிறது என்று 1986-ல் ஜெர்டா லெர்னர் என்ற வரலாற்றாசிரியை எழுதினார். எந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டு போனாலும் ஒரு கேள்வியில்தான் வந்து நிற்கிறோம்: சேர்த்த சொத்து யாருக்கு?

வெள்ளி எங்கே என்று கேட்டவள்

சுமார் 3,900 ஆண்டுகளுக்கு முன், இன்றைய இராக்கில் இருந்த அஸ்ஸூர் நகரத்து வியாபாரிகள் கழுதைகளில் துணியும் வெள்ளீயமும் ஏற்றிக்கொண்டு, இன்றைய துருக்கியில் இருந்த கனேஷ் என்ற ஊருக்குப் போனார்கள். அங்கே அவர்களுடைய கடிதங்களும் கணக்குகளும் 20,000-க்கும் மேற்பட்ட மண் பலகைகளில் கிடைத்திருக்கின்றன. ஊரில் தங்கிய மனைவியர் துணி நெய்து அனுப்பினார்கள். லமாஸி என்ற பெண் தன் கணவன் பூஷுகேனுக்குக் கடிதம் எழுதி, அனுப்பிய துணிக்கு உரிய வெள்ளியைக் கேட்கிறாள். கணவனிடமே கணக்குக் கேட்கிறாள்! மணமுறிவு செய்தால் இருவருக்கும் ஒரே தண்டத்தொகை என்று எழுதிய திருமண ஒப்பந்தங்களும் அங்கே கிடைத்திருக்கின்றன. இது இயற்கைக்கு விரோதமா?

அதே இராக்கில், சுமார் கி.மு. 1750-ல் ஹம்முராபி மன்னனின் சட்டத்தைப் பாருங்கள். கடன்பட்டவன் தன் மனைவியையும் பிள்ளைகளையும் மூன்று ஆண்டு அடிமை வேலைக்கு அனுப்பலாம்! ஜனநாயகத்தின் தாயகம் என்று புகழப்படும் ஏதென்ஸில், ஒரு மூட்டை வாற்கோதுமை அளவுக்கு மேல் ஒரு பெண் தானே வியாபார ஒப்பந்தம் செய்ய முடியாது. ஆண் வாரிசு இல்லாமல் தகப்பன் இறந்தால், மகளைத் தகப்பனின் நெருங்கிய உறவுக்காரனுக்கே மணமுடித்தார்கள். காரணம்? சொத்து குடும்பத்தை விட்டு வெளியே போய்விடக் கூடாது!

நம் தமிழகம்

நம் சங்க இலக்கியத்திலும் இரண்டு காட்சிகள் உண்டு. பெரும்பாணாற்றுப்படையில் வரும் இடைக்குலப் பெண் மோர் விற்றுச் சுற்றத்தைச் சாப்பிட வைக்கிறாள். நெய்யின் விலைக்குப் பொன்னை வாங்க மறுத்து, எருமையையும் பசுவையும் கேட்டு வாங்குகிறாள். என்ன வியாபார சாமர்த்தியம்!

அதே காலத்தில் பூதப்பாண்டியனின் மனைவி, கணவன் இறந்ததும் தீயில் இறங்கத் துணிகிறாள். தடுத்த சான்றோர்களிடம் அவள் சொல்லும் காரணத்தைப் புறநானூறு பதிவு செய்திருக்கிறது. நெய்யைத் தொடாமல், கீரையைத் தின்று, பாயில்லாமல் பரல்கல் மேல் படுக்கும் விதவை வாழ்வைவிடத் தீயே மேல் என்கிறாள். கையில் மாடும் மோரும் இருந்தவள் பேரம் பேசினாள். அரண்மனையில் இருந்தவளுக்கோ கணவன் போனபின் தீதான் மிஞ்சியது. சிந்தித்துப் பாருங்கள்!

ஸஃதின் மனைவி கொண்டுவந்த வழக்கு

ஜாஹிலிய்யாக் கால அரபுகளில் சிலர் பெண் குழந்தையை உயிரோடு புதைத்தார்கள். வாள் ஏந்திப் போரிடாதவருக்கு வாரிசுரிமை இல்லை என்றார்கள். உஹதுப் போரில் ஸஃது பின் ரபீஉ (ரலி) ஷஹீதானார்கள். அவருடைய சகோதரர் சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார். மனைவி இரண்டு பெண் மக்களோடு நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார். வாரிசுரிமை வசனம் இறங்கியது. நபியவர்கள் அந்தச் சகோதரரை அழைத்து, மகள்களுக்கு மூன்றில் இரண்டு பங்கும் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கும் கொடுக்கச் சொன்னார்கள், மீதிதான் அவருக்கு. விட்டுச்சென்றது கொஞ்சமோ அதிகமோ, பெண்ணுக்கும் அதில் பங்கு உண்டு என்கிறது அந்நிஸா அத்தியாயம்.

இனி நம் கதைக்கு வருவோம்

நம் மதுரை மாவட்டத்து உசிலம்பட்டி வட்டாரத்தில் பெண் சிசுக்கள் கொல்லப்படுவதை 1986-ல் பத்திரிகைகள் வெளிக்கொண்டு வந்தன. 1992-ல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தை அறிவித்தது. வரதட்சணை பயம் அந்தக் கொடுமைக்கு ஒரு பெரிய காரணம். நாம் அதைப் படித்து 'உச்' கொட்டினோம். நாம் குழந்தையைப் புதைக்கவில்லை. ஆனால் அவளுடைய பங்கைப் புதைத்தோம்!

1937-ன் ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்துக்கு விலக்கு வைத்தது. 1949-ல் சென்னை மாகாணத் திருத்தம் அந்த விலக்கையும் நீக்கியது. ஆகவே நஞ்சை, புஞ்சை, கடை, வீடு எல்லாவற்றிலும் மகளுக்குப் பங்கு உண்டு. 1989-ல் தமிழக அரசும் 2005-ல் மத்திய அரசும் சட்டம் திருத்தி, பூர்வீகச் சொத்தில் இந்துப் பெண்களுக்கும் சம உரிமை கொடுத்தன. "எங்களுக்கு 1,400 ஆண்டுகளுக்கு முன்பே கொடுத்தாயிற்று" என்று நாம் மேடையில் பெருமை பேசுகிறோம். வீட்டில் என்ன செய்கிறோம்?

வாப்பா மௌத்தானதும் அக்காளையும் தங்கச்சியையும் அழைத்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறோம். "சீர் செய்தோமே, நகை போட்டோமே" என்கிறோம். சீர் வேறு, பங்கு வேறு. கையெழுத்துப் போடாவிட்டால் தாய் வீட்டு வாசல் அடைபடும் என்ற பயத்தில் விட்டுக்கொடுப்பது எப்படி மனமொப்பிய விட்டுக்கொடுத்தல் ஆகும்? மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்ற கணக்கில் இரண்டை மட்டும் நன்றாக மனப்பாடம் செய்திருக்கிறோம். அந்த ஒன்றைக் கொடுத்தோமா?

காயல்பட்டினத்தில் மகளுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையை அங்கே குடியமர்த்தும் வழக்கம் உண்டு. அவள் காலடியில் அவளுடைய சொந்த மண் இருக்கிறது. நல்ல வழக்கம்தான். ஆனால் எங்கே ஆனாலும் வீட்டையே மாப்பிள்ளை வீட்டார் நிபந்தனையாகக் கேட்டால் அது உரிமை அல்ல. கைக்கூலியின் இன்னொரு பெயர்!

இளைஞர்களே! மஹர் கொடுக்க வேண்டியவர் நீங்கள். கை நீட்டி வாங்காதீர்கள். வியாபாரிகளே! கடைக் கணக்கில் ஒரு ரூபாய் குறைந்தால் இரவெல்லாம் தேடுகிறீர்கள். உடன்பிறந்தவளின் கணக்கை எத்தனை ஆண்டுகளாகத் திறக்காமல் வைத்திருக்கிறீர்கள்?

2004 முதல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நம் ஒத்தக்கடை அருகிலேயே நடக்கிறது. அந்தப் படியை உங்கள் சகோதரி ஏற வேண்டிய நிலையை உண்டாக்காதீர்கள். ஸஃதின் சகோதரரிடம் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள் நபியவர்கள். இன்றிரவு வீட்டுக்குப் போனதும் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். அதில் அவள் பெயர் இருக்கிறதா?