இமோலாவில் எழுதப்பட்ட ஆயிரமாண்டு



கிறிஸ்தவ இறுதிக்கால நம்பிக்கைகளின் வேறுபாடுகள் இம்மாநாட்டின் கருப்பொருள். திருவெளிப்பாடு 20ஆம் அதிகாரம் சொல்லும் ஆயிரமாண்டு ஆட்சிக்கு முன்பு கிறிஸ்து வருவாரா, பின்பா, அல்லது அகுஸ்தீன் கொண்டபடி அது திருச்சபையின் காலமேதானா என்பதை இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அமர்வுகள் அவற்றை விரிவாகவே எடுத்துக்கொள்ளும். நான் பேச விரும்புவது ஒரே ஒரு நூலைப் பற்றி.

மானுவேல் லகுன்சா 1731இல் சிலியின் சாண்டியாகோவில் பிறந்த இயேசு சபைக் குரு. 1767இல் ஸ்பெயின் மன்னர் அச்சபையாரை நாடு கடத்தியபோது, கடைசியில் இத்தாலியின் இமோலாவில் ஒதுங்கினார். 1773இல் திருத்தந்தை சபையையே கலைத்துவிட்டார். நாடும் சபையும் போன நிலையில் அவர் எழுதியது 'மகிமையிலும் மாட்சியிலும் மெசியாவின் வருகை'. யூதப் பெயர் ஒன்றைப் புனைபெயராகக் கொண்டார். நூல் கையெழுத்துப் படிகளாகவே பரவியது. 1801இல் இமோலாவில் ஆற்றோரம் இறந்து கிடந்தார்; அச்சில் அதைப் பார்க்க அவருக்கு வாய்க்கவில்லை.

திருவெளிப்பாடு 13ஆம் அதிகாரத்துக்கு அவர் தரும் விளக்கத்தைப் படித்துப் பாருங்கள். எதிர்க்கிறிஸ்துவை அவர் தனியாளாகக் கொள்ளவில்லை. கிறிஸ்துவை விட்டு விலகியோரின் ஒரே உடலாகக் கொள்கிறார். ஆட்டுக்குட்டிக் கொம்புகளோடு வரும் இரண்டாம் விலங்கு எது? நெறி தவறிய குருத்துவமே என்கிறார். கிறிஸ்துவின் சாயலோடு நின்று மக்களை முதல் விலங்குக்குப் பணியவைப்பது அதுதான். எழுதியவரோ கடைசிவரை கத்தோலிக்கக் குரு.

நம் துறை இவரை என்ன செய்தது? ஒரு சாரார் போதகர் எட்வர்ட் இர்விங்கின் 1827 ஆங்கில மொழிபெயர்ப்பை மட்டும் குறிப்பிட்டு, நேரே பிளிமத் சகோதரர் இயக்கத்தின் டார்பிக்கும் அவர் போதனையைப் பரப்பிய 1909இன் ஸ்கோஃபீல்டு வேதாகமத்துக்கும் போய்விடுகிறார்கள். மற்றொரு சாரார், டார்பியின் போதனையே இவரிடமிருந்து திருடப்பட்டது என்கிறார்கள். இரு தரப்பிலும் நான் மதிக்கும் அறிஞர்கள் உண்டு. ஆனாலும் சொல்லியாக வேண்டும்: இரு தரப்பும் லகுன்சாவைத் திறப்பது டார்பியைத் தேடித்தான். ஏழாண்டு உபத்திரவத்துக்கு முன்பே சபை எடுத்துக்கொள்ளப்படும் என்ற டார்பியின் அமைப்பு லகுன்சாவிடம் கிடையாது. இர்விங் பங்கேற்ற ஆல்பரி தீர்க்கதரிசன ஆய்வுக் கூட்டங்களில் லகுன்சாவின் நூல் பேசப்பட்டதை நான் மறுக்கவில்லை. அவருடைய கதை அங்கே முடிகிறது என்பதைத்தான் மறுக்கிறேன்.

கத்தோலிக்க உலகில் அந்நூலுக்குத் தனிக் கதை உண்டு. 1816இல் லண்டனில் வந்த ஸ்பானியப் பதிப்புக்குத் துணைநின்றவர் அர்ஜென்டின விடுதலைத் தலைவர் பெல்கிரானோ. 1824இல் ரோம் அந்நூலைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. அதோடு ஓய்ந்ததா? 1940களின் தொடக்கத்தில் சாண்டியாகோ பேராயர் மிதமான ஆயிரமாண்டு நம்பிக்கை குறித்து ரோமிடம் கேட்க வேண்டி வந்தது. இறுதித் தீர்ப்புக்கு முன் கிறிஸ்து கண்கூடாக வந்து ஆள்வார் என்பதைப் பாதுகாப்பாகப் போதிக்க இயலாது என்று 1944இல் ஆணை வந்தது. கேள்வி எந்த ஊரிலிருந்து போனது என்பதைக் கவனியுங்கள். அகுஸ்தீனோடு கத்தோலிக்கத்தில் இந்த விவாதம் முடிந்துவிட்டது என்ற நம் பாடநூல் வாக்கியத்தை இந்த ஆணையை வைத்துக்கொண்டு எப்படித் தொடர்ந்து அச்சிடுவது?

அமைப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆய்வுக்கோவை தொகுக்கப்படும்போது லகுன்சாவை ஆங்கிலப் புராட்டஸ்டண்ட் பகுதியில் இர்விங்கின் முன்னோடியாக வைக்காதீர்கள். கத்தோலிக்கப் பகுதியில், அகுஸ்தீனுக்கு எதிர்த்தரப்பாக அவருக்குத் தனி இயல் கொடுங்கள். மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன்.