முகமூடிக்குப் பின்னால் இருப்பவர் மாமாதான்



ஜொகூர்த் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலர் இன்று பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார்கள். அங்கேயே அடுக்குமாடி வீடுகளில் குடும்பமாக வாழ்கிறவர்களும் உண்டு. தீபாவளி நெருங்கினால் தாத்தா பாட்டி பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போவார்கள். தேக்காவில் துணிமணி எடுப்பார்கள். சிராங்கூன் சாலையின் ஒளியூட்டைக் காட்டுவார்கள். அந்த நாள்களில்தான் பேரப்பிள்ளை ஒரு புதுச் செய்தி சொல்லும்: "பாட்டி, இந்த வருசம் நான் ஹாலோவீனுக்குப் போகப்போறேன்."

அது என்ன ஹாலோவீன்? பேய் வேடமா? போகலாமா, கூடாதா? போவதென்றால் சின்னப் பிள்ளையை எப்படித் தயார் செய்வது? இவற்றைப் பற்றித்தான் இன்று நாம் பேசப்போகிறோம்.

ஹாலோவீன், அக்டோபர் 31ஆம் நாள் மாலையில் வருகிறது. நவம்பர் முதல் நாள் கிறிஸ்தவர்களுக்கு அனைத்துப் புனிதர் திருநாள்; அதற்கு முந்திய மாலை இது. அயர்லாந்து, ஸ்காட்லாந்து நாட்டுப்புறங்களில் பிள்ளைகள் வேடமிட்டு வீடு வீடாகச் செல்வதும், டர்னிப் என்னும் கிழங்கைக் குடைந்து விளக்கு வைப்பதும் பழைய வழக்கம். பிழைப்புத் தேடி அமெரிக்கா சென்றவர்கள் அந்த வழக்கத்தையும் கொண்டுபோனார்கள். அங்கே கிழங்கின் இடத்தைப் பூசணி பிடித்துக்கொண்டது. கதவைத் தட்டி, "மிட்டாய் தருகிறீர்களா, குறும்பு செய்யட்டுமா?" என்னும் பொருளில் "டிரிக் ஆர் டிரீட்" என்று கேட்பது, 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வட அமெரிக்காவில் பரவியது. பிறந்த மண்ணின் பழக்கத்தைப் புது மண்ணில் நடுவது தோட்டத்து மக்களாகிய நமக்குப் புதிதல்லவே!

சிங்கப்பூரில் இது எல்லா வட்டாரங்களிலும் நடப்பதில்லை. பாலத்திற்கு அருகே, ஊட்லண்ட்ஸில் அமெரிக்கப் பள்ளி இருக்கிறது. அதை ஒட்டிய ஊட்குரோவ் குடியிருப்பில் அமெரிக்கக் குடும்பங்கள் பல வாழ்கின்றன. ஹாலோவீன் மாலையில் அங்கே வீடுகளை அலங்கரித்து மிட்டாய் வழங்குவார்கள். வெளியிலிருந்தும் பெருங்கூட்டம் வரும். ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்கள் இருந்த வடபகுதி அது. 2024ஆம் ஆண்டில் தீபாவளியும் அதே அக்டோபர் 31ஆம் நாளில் வந்தது. காலையில் எண்ணெய்க் குளியலும் பலகாரமும், மாலையில் வேடமும் மிட்டாயும் என்று இரண்டும் ஒரே நாளில் அமைந்தன.

போவதா வேண்டாமா என்பதை அந்தந்தக் குடும்பம் முடிவு செய்யட்டும். வேண்டாம் என்று சொன்னாலும் குறையில்லை. போவது என்று முடிவு செய்தால், ஒரு வாரம் முன்பே தொடங்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. வேடம் வாங்குவதைவிட அது முக்கியமானது. பிள்ளையின் மனத்தைத் தயார் செய்வதே அந்த வேலை.

1969ஆம் ஆண்டில் ரீட்டா டிவ்ரீஸ் என்னும் அமெரிக்க அறிஞர் ஓர் ஆய்வை வெளியிட்டார். மேனார்ட் என்ற சாதுவான பூனையைப் பிள்ளைகள் முதலில் தடவிக் கொடுத்தார்கள். பிறகு அதன் முகத்தை மறைத்து, நாய் முகமூடி ஒன்றை மாட்டினார்கள். அதன் உடலும் வாலும் பிள்ளைகள் கண்முன்னே தெரிந்துகொண்டுதான் இருந்தன. அப்படியிருந்தும் மூன்று வயதுப் பிள்ளைகள் பலர், பூனை நாயாகவே மாறிவிட்டது என்று எண்ணினார்கள். ஆறு வயதுப் பிள்ளைகளோ, அது பூனைதான் என்று உறுதியாகச் சொன்னார்கள்.

இதிலிருந்து நாம் தெரிந்துகொள்வது என்ன? மூன்று வயதுப் பிள்ளைக்குப் பேய் வேடம் போட்ட மனிதர் மனிதரே அல்லர், பேய்தான்! பிள்ளை அலறுவது கோழைத்தனம் ஆகாது. அந்த வயதின் அறிவு அவ்வளவுதான்.

இன்னொன்றையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். சோறு உண்ணாத பிள்ளையிடம், "பூச்சாண்டி வந்து பிடிச்சிக்கிட்டுப் போயிருவான்" என்று சொல்வது நம் வீடுகளில் நெடுநாள் வழக்கம். அப்படிக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு ஹாலோவீன் மாலையில் கதவைத் திறப்பவர் யார்? அதே பூச்சாண்டிதான்! ஆகவே முதல் ஆயத்தம், பூச்சாண்டிக் கதையை இன்றோடு நிறுத்துவது.

அடுத்து, முகமூடியைப் பிள்ளையின் கையிலேயே கொடுங்கள். தொட்டுப் பார்க்கட்டும், கசக்கட்டும். பிறகு மாமாவோ அப்பாவோ பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதை அணிந்து, உடனே கழற்ற வேண்டும். "இப்ப யாரு? மாமாதான்!" என்று சிரித்து விளையாடுங்கள். தினமும் சிறிது நேரம் போதும். பின்னர் வீட்டு வாசலிலேயே ஒத்திகை பாருங்கள். கதவைத் தட்டுவது, கேட்பது, ஒன்றே ஒன்று எடுப்பது, நன்றி சொல்வது, நகர்ந்து வழிவிடுவது என்று ஐந்து செயல்கள்.

இனி வேடம். விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. பாட்டியின் பழைய பருத்திச் சேலையில் குறத்தி வேடம் தைக்கலாம். மஞ்சள் துணியில் கறுப்புக் கோடு இழுத்தால் புலி. ஆடை கணுக்காலுக்கு மேலேயே நிற்கட்டும். தரையில் புரண்டால் தடுக்கி விழும். முகமூடி பார்வையை மறைக்கும் என்பதால் முகத்தில் சாயம் தீட்டுவது மேல். அந்தச் சாயத்தை முதல் நாளே முழங்கையில் சிறிது தடவி, அரிப்போ சிவப்போ உண்டா என்று பாருங்கள். காலில் வழக்கமான சப்பாத்தே போதும்.

நெருப்பை மறக்கக் கூடாது. பூசணிக்குள் மெழுகுவர்த்தி இருக்கலாம். நம் வாசலில் அகல்விளக்கு எரியும். தொளதொளவென்ற ஆடை எளிதில் தீப்பற்றிக்கொள்ளும். ஆடையில் தீப்பட்டால் ஓடக்கூடாது. நிற்க வேண்டும், படுக்க வேண்டும், உருள வேண்டும். இதையும் விளையாட்டாகவே பழக்குங்கள். தீப்புண்ணில் பற்பசையோ நெய்யோ தடவாமல், இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டி, மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். சிங்கப்பூரில் அவசர மருத்துவ வண்டிக்கு 995 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

கூட்டத்துக்குப் போகும்போது, வெளிச்சம் இருக்கும்போதே புறப்படுங்கள். ஏழு மணிவாக்கில் இருட்டிவிடும். அலங்கரித்த வீடுகளுக்கு மட்டும் செல்லுங்கள். விளக்கில்லாத வீட்டைத் தட்ட வேண்டாம். வாசற்படியைத் தாண்டி உள்ளே போவதும் வேண்டாம். பெற்றோரின் தொலைபேசி எண்ணைத் தாளில் எழுதிப் பிள்ளையின் சட்டைப்பையில் வையுங்கள். ஒரு பெரியவர் ஒரு சிறு பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்வது என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மிட்டாயை வழியில் தின்ன விடாதீர்கள். வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போனால் ஆசை அடங்கியிருக்கும். திரும்பியதும் பையைக் கொட்டிப் பெரியவர் பிரிக்க வேண்டும். நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு நிலக்கடலையும் கெட்டி மிட்டாயும் கொடுக்கவே கூடாது. அவை மூச்சுக்குழலை அடைக்கும். உறை கிழிந்தவற்றை எறிந்துவிடுங்கள்.

எல்லாம் செய்தும் பிள்ளை முதல் வாசலிலேயே அழலாம். அப்போது சிரிக்காதீர்கள், "ஆம்பளைப் பிள்ளை அழலாமா?" என்று அதட்டாதீர்கள், படம் எடுப்பதற்காகப் பிடித்து நிறுத்தாதீர்கள். தூக்கிக்கொண்டு, "பயமா இருக்கா? சரி, வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லுங்கள். அடுத்த ஆண்டும் அக்டோபர் வரும். பயந்த நேரத்தில் பெரியவர்கள் நம் பக்கம் நின்றார்கள் என்ற நம்பிக்கை போய்விட்டால், அதைத் திரும்பக் கொண்டுவருவது கடினம்.

இந்த ஆயத்தம் ஹாலோவீனுக்கு மட்டும் உரியதல்ல. சீனப் புத்தாண்டின் சிங்க நடனத்துக்கும் இதே முறைதான். தைப்பூசத்தன்று ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் சாலை தண்டாயுதபாணி கோயிலுக்குச் செல்லும் அலகுக் காவடியை முதன்முறை காணும் பிள்ளைக்கும் இதுவே வழி. முன்கூட்டிச் சொல்லுங்கள், தொட்டுப் பார்க்க விடுங்கள், கையை விடாதீர்கள்.