பாஞ்சோவும் சுருதிமானியும்

சுருதி தாய், லயம் தந்தை என்பது நம் முன்னோர் வாக்கு. பாடுவோர் எத்துணைக் குரல்வளம் உடையவராயினும், வாசிப்போர் எத்துணை விரல்வேகம் உடையவராயினும், சுருதி சேராத இசை செவிக்கு இன்பம் பயவாது. கச்சேரி தொடங்குமுன் தம்பூராவின் முறுக்காணிகளைத் திருகிச் சரிசெய்வதிற் செலவாகும் நேரம் வீண்நேரம் அன்று என்பதை இசையறிந்தோர் நன்குணர்வர். இவ்வுண்மை நம் நாட்டு இசைக்கு மட்டும் உரியதன்று. கடல் கடந்த அமெரிக்காவிலே நாட்டார் இசைக்கு உயிராய் விளங்கும் பாஞ்சோ என்னும் தந்திக் கருவிக்கும் இது பொருந்தும். அக்கருவி அடிக்கடி சுருதி கலைவதற்குப் பெயர் பெற்றது. அதனை வாசிப்போருக்கு இக்காலத்தில் துணையாக வந்திருப்பது, கருவியின் தலையிற் கவ்வி நின்று சுருதியைக் காட்டும் ஒரு சிறு இலத்திரனியற் பொறி. டியூனர் என வழங்கும் இதனைச் சுருதிமானி எனலாம். இதனைத் தெரிந்தெடுப்பது எவ்வாறு, பயன்படுத்துவது எவ்வாறு, எவ்வளவு தூரம் நம்புவது என்பனவே இவ்வுரையின் பொருள்.

பாஞ்சோ என்றதும் விசைகளை அழுத்தி வாசிக்கும் புல்புல்தாராவைச் சிலர் எண்ணக்கூடும். தென்னாசியாவில் அதற்கும் அப்பெயர் வழங்குவதே காரணம். ஈண்டுக் கூறப்படுவது வேறு. வட்டமான சட்டத்தின்மேல் மேளத்துக்குப் போலத் தோல் போர்த்து, அத்தோலின்மீது குதிரையை நிறுத்தி, நீண்ட தண்டியின் வழியே தந்திகளை இழுத்துக் கட்டிய கருவி அது. அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட மேற்கு ஆபிரிக்க மக்கள் கரீபியன் தீவுகளிலும் வட அமெரிக்காவிலும் சுரைக்குடுக்கையில் தோல் போர்த்துச் செய்துகொண்ட கருவிகளே இதன் மூதாதைகள். உடைமை யாதும் இல்லாத மக்கள் தம் நினைவில் மட்டும் சுமந்து சென்ற செல்வம் இது. 1945ஆம் ஆண்டில் பில் மன்றோவின் குழுவிற் சேர்ந்த ஏர்ல் ஸ்க்ரக்ஸ் என்னும் கலைஞர் மூன்று விரல்களால் விரைந்து மீட்டும் முறையைப் புகழடையச் செய்தார். புளூகிராஸ் எனப்படும் இசைவகையின் அடையாளமாகவே ஐந்து தந்திப் பாஞ்சோ அதன்பின் ஆகிவிட்டது.

இக்கருவியின் சுருதி அமைப்பு நம்மவர்க்கு அந்நியமானதன்று. பெரும்பாலும் வழங்கும் ஜீ சுருதியில் மூன்றாந் தந்தியைச் சட்சமம் எனக் கொண்டால், நான்காந் தந்தி மந்தரப் பஞ்சமம், இரண்டாந் தந்தி அந்தர காந்தாரம், முதலாந் தந்தி பஞ்சமம். ஐந்தாந் தந்தி ஏனையவற்றிலும் குறுகியது. அதன் முறுக்காணி தலையில் இல்லாது தண்டியின் நடுவே, ஐந்தாம் மெட்டின் அருகே உள்ளது. அது மேல் சட்சமத்தில் இடைவிடாது ஒலிக்கும். வீணையின் பக்கத்தந்திகளை அறிந்தோர் இதனை உடன்பிறப்பென்றே கொள்வர். மேனாட்டார் எழுத்துப் பெயர்களில், நான்காந் தந்தி தொடங்கி முதலாந் தந்தி வரை டீ, ஜீ, பீ, டீ என்பன. ஐந்தாவது உயர்ந்த ஜீ.

பாஞ்சோவின் சுருதி ஏன் எளிதிற் கலைகின்றது? வீணையின் குதிரை உறுதியான பலகையில் நிற்கிறது. பாஞ்சோவின் குதிரையோ தோலின்மேல் நிற்கிறது. அது ஒட்டப்பட்டதுமன்று; தந்திகளின் அழுத்தத்தாலேயே நிற்பது. ஆகவே ஒரு தந்தியை இறுக்கினால் தோல் சிறிது அமிழ, ஏனைய தந்திகளின் சுருதி சற்றே இறங்கும். ஈரக்காற்று வீசினால் விலங்குத் தோல் தளரும். வெயில் ஏறினால் விறைக்கும். மிருதங்கத்தை வெயிற் காலத்திலும் மழைக் காலத்திலும் வாசித்தவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. 1950களின் பிற்பகுதியில் மேளங்களுக்குப் பிளாஸ்டிக்குத் தோல் வந்தது. பின்னர் அது பாஞ்சோவுக்கும் பரவி இத்தொல்லையைக் குறைத்தது. ஆயினும் முற்றாக நீக்கவில்லை.

பழங்காலத்தில் இதற்குத் துணை செய்தது இசைக்கவை. ஜோன் ஷோர் என்னும் ஆங்கிலேய எக்காளக் கலைஞர் 1711ஆம் ஆண்டில் அதனை அமைத்தார். ஒரு சுரத்தை அது தரும். எஞ்சியவற்றைச் செவியே கண்டுகொள்ள வேண்டும். 1975ஆம் ஆண்டில் ஜப்பானின் கோர்க் நிறுவனம் முள்காட்டி உடைய கையடக்கமான சுருதிமானியை வெளியிட்டது. அது காற்றில் வரும் ஒலியைக் கேட்டு அளப்பது. கவ்வும் சுருதிமானியோ காற்றை நம்புவதில்லை. கருவியின் மரத்தில் ஓடும் அதிர்வை நேரே உணர்கின்றது. சில பளிங்குகளை அமுக்கினால் அவற்றில் மின் தோன்றும் என்பதை 1880ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுக் கியூரி சகோதரர்களாகிய ஜாக்கும் பியரும் கண்டறிந்தனர். அத்தன்மை வாய்ந்த சிறு தகடொன்று கவ்வியினுள்ளே இருந்து அதிர்வை மின்னாக மாற்ற, உள்ளிருக்கும் நுண்சுற்று அதன் மீடிறனைக் கணித்துச் சுரத்தின் பெயரைத் திரையிற் காட்டுகின்றது. பத்துப்பேர் கூடி வாசிக்கும் இரைச்சலிடையேயும் ஒருவர் தம் கருவியைத் தனியே சரிசெய்து கொள்ளலாம் என்பதே இதன் பெருஞ்சிறப்பு.

இனி, கடையில் இதனைத் தெரிந்தெடுக்கும்போது நோக்க வேண்டியவை சில. முதலாவது, எல்லாச் சுரங்களையும் காட்டவல்லதாக அது இருத்தல் வேண்டும். கிற்றாருக்கென்றே அமைந்தவை அதன் ஆறு தந்திகளின் சுரங்களையே தேடும். பாஞ்சோ வாசிப்போர் பாடலுக்கேற்ப நான்காந் தந்தியைச் சீ சுரத்துக்கு இறக்குவர். மெட்டுக்கவ்வி பூட்டினால் ஐந்தாந் தந்தியை ஏ சுரத்துக்கு உயர்த்துவர். இவற்றுக்குப் பன்னிரு சுரங்களும் காட்டும் மானியே ஏற்றது. இரண்டாவது, அதன் திரை வெயிலிலும் மங்கிய மேடையிலும் தெளிவாகத் தெரிதல் வேண்டும். வேண்டிய பக்கம் திரும்பவும் வேண்டும். மூன்றாவது, விரைந்து காட்டும் தன்மை. பாஞ்சோவின் ஒலி வீணையின் ஒலிபோல நீண்டு நில்லாது. எழுந்த கணமே தேயத் தொடங்கும். தயங்கித் தயங்கிக் காட்டும் பொறி இதற்கு உதவாது. நான்காவது, நுட்பம். ஓர் அரைச்சுரத்தை நூறு கூறாக்கி ஒரு கூற்றைச் சென்ற் என்பர். ஓரிரு சென்ற் வேறுபாட்டைக் காட்டுவது நன்று. ஐந்தாறு சென்ற் விலகியிருக்கும்போதே சரியென்று பச்சை விளக்கேற்றுவது நன்றன்று. விலை மிகுந்ததே சிறந்தது என்பதில்லை. கூடுமாயின் தம் கருவியைக் கொண்டுசென்று பூட்டிப் பார்த்து வாங்குவதே அறிவுடைமை.

பயன்படுத்துமுன் திரையில் 440 என்ற எண் இருக்கின்றதா எனப் பார்த்தல் வேண்டும். ஏ என்னும் சுரம் செக்கனுக்கு 440 அதிர்வு கொண்டது என்பது 1939ஆம் ஆண்டு இலண்டன் மாநாட்டில் இணங்கப்பட்ட அளவு. கைதவறிப் பொத்தான் அமுங்கி அது 438 என மாறியிருப்பின், தனியே வாசிக்கும்போது குறை தோன்றாது. குழுவிற் சேர்ந்ததும் வெளிப்படும்.

மானியைத் தண்டியின் தலையில், முறுக்காணிகளைத் தொடாதவாறு கவ்வச் செய்தல் வேண்டும். பின்னர் ஒரு தந்தியை மட்டும் மென்மையாக மீட்டி, மற்றவற்றை உள்ளங்கையால் அடக்குதல் வேண்டும். ஜீ இரண்டு, டீ இரண்டு இருப்பதால், ஒன்றை மீட்டும்போது மற்றது பரிவினால் தானும் அதிர்ந்து பொறியை மயக்கும். விரலில் மாட்டிய நகத்தால் வன்மையாகத் தட்டினால் சுருதி முதலிற் கூடிப் பின் தணியும், மேற்றொனிகளும் மிகும். ஆதலின் பெருவிரற் சதையால், பன்னிரண்டாம் மெட்டின் அருகே மீட்டி, முதல் துடிப்பு அடங்கியபின் முள்ளைப் பார்ப்பது முறை. சுருதி கூடியிருந்தால் நன்றாக இறக்கி, மீண்டும் கீழிருந்து மேலேற்றி நிறுத்துதல் வேண்டும். அவ்வாறு செய்தால் முறுக்காணியின் தளர்வு நீங்கி நிலைபெறும். ஐந்து தந்திகளும் முடிந்ததும் வேலை முடிந்ததென்று எண்ணலாகாது. தோல் அமிழ்ந்ததால் முதலிற் சேர்த்த தந்தி நழுவியிருக்கும். இரண்டாம் முறையும் சுற்றிவருதல் இன்றியமையாதது.

புதியோர் செய்யும் தவறொன்றையும் இங்கே குறிப்பிடல் தகும். பெரும்பாலான மானிகள் சுரத்தின் பெயரைக் காட்டுமேயன்றி அது எந்த ஸ்தாயியினது என்று காட்டா. தளர்ந்த தந்தியொன்று ஏற்கெனவே டீயைக் கடந்துவிட்டதை அறியாது, அடுத்த டீ வரும்வரை திருகிக்கொண்டே போனால் தந்தி அறும். அறுந்த முனை முகத்திலும் தாக்கக்கூடும். கை கடினப்பட்டதும் நிறுத்தி, செவியால் ஒப்பிட்டுப் பார்த்தலே பாதுகாப்பு.

குதிரையின் இடத்தைச் சோதிக்கவும் மானி உதவும். பன்னிரண்டாம் மெட்டின் நேர்மேலே தந்தியை மெல்லத் தொட்டு எழும் மணியொலியையும், அதே மெட்டில் அழுத்தி எழும் ஒலியையும் ஒப்பிடுக. அழுத்திய ஒலி கூடியிருந்தால் குதிரையைத் தண்டியினின்று சற்றே விலக்கவும். குறைந்திருந்தால் தண்டியை நோக்கி நகர்த்தவும் வேண்டும். குதிரை பிழையான இடத்தில் இருக்கும்வரை முறுக்காணியை எத்தனை முறை திருகினும் பயனில்லை.

வாசிப்பு முடிந்ததும் மானியைக் கழற்றி வைப்பது நன்று. அதன் இறப்பர் சில வகை மெருகின்மேல் நெடுநாள் இருந்தால் கறைபடியும். இதனினும் முக்கியமானது வேறொன்று. இப்பொறிகளுட் பலவற்றில் காசு போன்ற தட்டையான மின்கலம் உள்ளது. குழந்தை அதனை விழுங்கிவிட்டால், தொண்டையிற் சிக்கி இரண்டு மணி நேரத்துள்ளேயே உள்ளுறுப்பைப் பொசுக்கவல்லது. பழைய மின்கலத்தையும் புதியதையும் குழந்தைகளுக்கு எட்டாது வைத்தல் பெற்றோர் கடமை. விழுங்கியதாக ஐயம் ஏற்படினும் தாமதியாது மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும்.

இறுதியாக, இப்பொறியை எவ்வளவு நம்பலாம்? அது காட்டும் சுரங்கள் ஸ்தாயியைப் பன்னிரண்டு சமகூறுகளாகப் பிரித்த அளவின. அவ்வளவின்படி ஜீ 196 அதிர்வாயின், பீ ஏறக்குறைய 247 அதிர்வு. ஆனால் தூய அந்தர காந்தாரம் சட்சமத்தின் ஒன்றேகால் மடங்கு, அஃதாவது 245. பச்சை விளக்கு எரியும்போதும், இவ்விரு தந்திகளையும் சேர்த்து மீட்டினால் நுண்செவி உடையோர்க்கு ஓர் உராய்வு கேட்பது இதனாலேயே. தேர்ந்தவர் பலர் மானி காட்டிய இடத்தினின்று இரண்டாந் தந்தியைச் சிறிது இறக்கி அமைப்பர். முற்றாகத் தூய்மைக்கு இறக்கினால் அதே தந்தியில் மெட்டழுத்தி எழுப்பும் வேறு சுரங்கள் குறைந்து போகும். எங்கே நிறுத்துவது என்பதை எந்தப் பொறியும் கூறாது.

ஆகவே, கற்பவர் முதலில் மூன்றாந் தந்தியை மட்டும் மானியால் அமைத்து, ஏனையவற்றைச் செவியால் சேர்த்துப் பார்த்து, அதன்பின்னரே மானியைக் கொண்டு சோதிப்பாராக. முதல் வாரத்தில் பிழைகள் பல இருக்கும். நாள்தோறும் அவை குறையக் காண்பார். சுருதி சேராத கருவியை மாதக்கணக்கில் வாசித்து, குறை தம்மிடமே உள்ளதென்று மனமுடைந்து இசையையே கைவிட்ட மாணவர் எந்நாட்டிலும் உண்டு. அவர்களுக்கு இச்சிறு பொறி பெருந்துணை. எனினும் விளக்கு எரிந்தாலன்றி முறுக்காணியைத் தொடத் துணியாதவர், மின்கலம் தீர்ந்த அன்று வாசிக்க இயலாதவராவார். பொறியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செவியைப் பழக்குபவர்க்கோ அவ்விடர் இல்லை.