ஓசோன் காற்றும் சொத்தைப் பல்லும்



தோட்டத்தில் இடி மின்னலோடு மழை பெய்யும்போது காற்றில் ஒரு கூரிய வாடை எழுவதை நாம் முகர்ந்திருப்போம். மின்னலால் உண்டாகும் ஓசோன் என்னும் வாயு அதற்கு ஒரு காரணம். 1840ஆம் ஆண்டில், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பணியாற்றிய ஷோன்பைன் என்ற விஞ்ஞானி, 'மணப்பது' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு இதற்குப் பெயரிட்டார்.

இந்த ஓசோனால் பல் நோய்க்கும் சிகிச்சை செய்கிறார்கள். ஊசி இல்லை, குடைதல் இல்லை, வலி இல்லை என்று கேட்டால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆயினும், உழைத்துச் சேர்த்த பணத்தை எடுத்துக் கொடுக்குமுன், அது என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாம் சுவாசிக்கும் பிராணவாயுவில் இரண்டு அணுக்கள் சேர்ந்திருக்கின்றன. ஓசோனில் மூன்று. அந்த மூன்றாவது அணு நிலைத்து நிற்பதில்லை. சீக்கிரமே பிரிந்து, அருகில் உள்ள பொருளைத் தாக்கும். கிருமியைத் தொட்டால் அதன் மேற்சுவரைச் சிதைத்துக் கொல்லும். பிரான்ஸின் நீஸ் நகரில் 1906ஆம் ஆண்டிலேயே குடிநீரைச் சுத்தம் செய்ய இதைப் பயன்படுத்தினார்கள்.

பல் மருத்துவர் இதை ஓர் இயந்திரத்தில் மின்சாரத்தால் அவ்வப்போதே தயாரிக்கிறார். சிறு ரப்பர்க் கிண்ணத்தைப் பல்லின்மேல் இறுகப் பொருத்தி, சில விநாடிகள் வாயுவைச் செலுத்துகிறார். மிஞ்சிய வாயுவை இயந்திரமே உறிஞ்சிக்கொள்ளும். ஓசோன் கலந்த நீரால் ஈறுகளைக் கழுவுவதும் உண்டு. வாயுவைச் சுவாசிப்பது நுரையீரலுக்குக் கெடுதல். ஆகவே ஆஸ்துமா உள்ளவர்கள் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

கிருமி செத்தால் சொத்தை குணமாகிவிடாதா என்று நாம் கேட்கலாம். சொத்தை எப்படி வருகிறது என்று பார்ப்போம். நாம் உண்ணும் சீனியைப் பல்லில் ஒட்டியுள்ள கிருமிகள் அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் பல்லின் சுண்ணச் சத்தைக் கரைக்கிறது. முதலில் வெள்ளைத் தழும்பு தோன்றும். அந்த நிலையில் எச்சிலும் புளோரைடும் அதைச் சரிப்படுத்தக்கூடும். குழி விழுந்த பிறகோ, எந்தக் காற்றும் அதை மூடாது; மருத்துவர்தான் அடைக்க வேண்டும். மேலும், இன்று கிருமியைக் கொன்றாலும், நாளை இனிப்பு டீயைக் குடித்துவிட்டுப் பல் துலக்காமல் படுத்தால் அது மீண்டும் பெருகிவிடும்.

2004ஆம் ஆண்டில் காக்ரேன் அமைப்பின் ஆய்வாளர்கள், அதுவரை நடந்த சோதனைகளை ஆராய்ந்தார்கள். ஓசோன் சொத்தையைத் தடுக்கும் அல்லது ஆற்றும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்றார்கள். பிரிட்டனின் மருத்துவ ஆலோசனை நிறுவனமும் 2005இல், ஆராய்ச்சிக்கு அன்றிச் சொத்தை சிகிச்சைக்கு இந்த முறையைப் பரிந்துரைக்கவில்லை. பின்னரும் ஆராய்ச்சிகள் நடந்துள்ளன. எனினும், அடைக்க வேண்டிய பல்லை அடைக்காமல் விடுவதற்கு ஓசோன் ஒரு காரணம் ஆகாது.

நம் வீடுகளில் பல்வலிக்குக் கிராம்பு வைக்கிறோம். அது பல்லை மரக்கச் செய்யும், சொத்தையை ஆற்றாது. சில சமயம் வலி தானாகவே நின்றுவிடும். உள்ளிருக்கும் நரம்பு செத்ததாலும் அப்படி நிற்கலாம். நோய் தீர்ந்தது என்று இருந்துவிட்டால், கிருமி வேர் வழியாகத் தாடைக்குள் இறங்கும். முகம் வீங்கிக் காய்ச்சல் கண்டாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டாலோ, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பணம் அதிகம் கேட்காத வழிகள் நம் கையிலேயே இருக்கின்றன. புளோரைடு கலந்த பற்பசையால் காலையிலும் இரவு படுக்குமுன்னும் துலக்குவோம். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஓர் அரிசி அளவு பசை போதும். ஆறு வயதுவரை ஒரு பட்டாணி அளவு. பால் போத்தலை வாயில் வைத்தபடியே குழந்தையைத் தூங்கவிட வேண்டாம். அடிக்கடி இனிப்பு கொடுப்பதைக் குறைப்போம். வலி வருமுன்பே அரசாங்கப் பல் மருந்தகத்தில் காட்டுவோம்.

புதிய சிகிச்சையை யாராவது எடுத்துச் சொன்னால், வெட்கப்படாமல் மூன்று கேள்வி கேட்போம்: என் பல்லில் குழி விழுந்திருக்கிறதா? இந்தச் சிகிச்சைக்குப் பிறகும் அதை அடைக்க வேண்டுமா? மொத்தச் செலவு எவ்வளவு? நல்ல மருத்துவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.